ஐந்தாம் ஸ்டேஜும் தொண்ணூறு டிகிரியும்

போன மாதம் எங்கள் துப்பாக்கிக் கிளப்பில் புதிதாகப் பொறுப்பேற்ற மூன்று பேர், ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆக்லாந்தின் பக்குரங்காவில் இருக்கும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அடுத்த போட்டிக்கு அவர்கள் வடிவமைத்த ஸ்டேஜை நான் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டுமாம். நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. உண்மையில் முதலில் ஓய்வு பெற்றவை என் முட்டிகள் இரண்டும்தான். அவற்றைத் தனியாக வீட்டில் விட மனமில்லாமல் நானும் கூடவே வந்துவிட்டேன்.

திரையில் சுவர், ஜன்னல், பீப்பாய், இலக்கு அட்டை எல்லாம் அச்சு அசலாக நின்றன. ஒரு பொத்தானைத் தட்டியதும் சின்னப் பொம்மை ஒன்று துப்பாக்கியை உருவிக்கொண்டு ஓடியது. வியர்க்காமல், வழுக்காமல், யாரையும் திட்டாமல் ஓடியது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

“இந்தப் பொம்மை எந்தக் கையால சுடுது?” என்று கேட்டேன்.

“வலது கை, அங்கிள்.”

“இடது கைக்கு மாத்துங்க.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அந்த ஆப்ஷன் இல்லை, அங்கிள்.”

“அப்போ ஸ்டேஜ் இன்னும் முடியல லா” என்றேன்.

ஏன் என்று கேட்டார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். டீ ஆறியது, பிஸ்கட் தீர்ந்தது, கதை முடியவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தப்பித்துப் போனார்கள். அதனால் எழுதுகிறேன். தப்பிக்க முடியாதவர்கள் படிக்கலாம்.

துப்பாக்கி சுடும் போட்டி என்றதும், ஒருவர் சிலைபோல் நின்று மூச்சை அடக்கி வட்டத்தின் நடுப்புள்ளியைச் சுடுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் போட்டி அப்படி இல்லை. இதில் ஓட வேண்டும். கைத்துப்பாக்கி இடுப்பு உறையில் இருக்கும். டைமர் ‘பீப்’ என்றதும் அதை உருவி, சுவரோரம் எட்டிப் பார்த்து, ஜன்னல் வழியாகக் குனிந்து, பீப்பாயைச் சுற்றி ஓடி, வழியில் தென்படும் அட்டைகளையெல்லாம் சுட வேண்டும். வெள்ளை அட்டையை மட்டும் சுடக் கூடாது, அது அப்பாவி. எடுத்த புள்ளியை எடுத்த நேரத்தால் வகுப்பார்கள். ஆற அமரப் போய் எல்லாவற்றையும் நடுவில் அடித்தாலும் தோல்விதான். பறந்து போய் மண்மேட்டை மட்டும் அடித்தாலும் தோல்விதான். இப்படி ஓடிச் சுடும் களம் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஜ். மூன்று பக்கம் உயர்ந்த மண்மேடு. திறந்திருக்கும் நாலாவது பக்கத்தில் மனிதர்கள்.

அந்த மனிதர்களை உத்தேசித்துத்தான் விதிகள். நகரும்போது விரல் விசையில் இருக்கக் கூடாது. அதைவிட முக்கியமானது தொண்ணூறு டிகிரி. சுடுகிறவரின் உடம்பு வழியாகக் குறுக்கே, இந்த மண்மேட்டிலிருந்து அந்த மண்மேடுவரை, ஒரு கண்ணாடிச் சுவர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் வாய் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மட்டுமே பார்க்கலாம். மயிரிழை இந்தப் பக்கம் வந்தாலும் ‘ஸ்டாப்’. அந்த ஸ்டேஜ் மட்டுமல்ல, அவருக்கு அன்றைய போட்டியே முடிந்தது. அதற்குமுன் எல்லா ஸ்டேஜிலும் முதலாவதாக வந்திருந்தாலும் சரி, பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த ‘ஸ்டாப்’பைச் சொல்கிற ரேஞ்ச் ஆபீசர் வேலையைத்தான் நான் இருபத்திரண்டு வருடம் பார்த்தேன். வெடிச் சத்தத்தைக் கேட்டு நேரத்தைப் பதியும் டைமரைக் கையில் பிடித்துக்கொண்டு, சுடுகிறவருக்கு ஒரு கை தூரம் பின்னால் ஓட வேண்டும். அவர் எதைச் சுடுகிறார் என்று பார்க்கக் கூடாது. துப்பாக்கியை மட்டுமே பார்க்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போய், மாப்பிள்ளையின் ஒரு கையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது மாதிரியான வேலை.

நான் மலேசியாவில், ஈப்போவில் தச்சு வேலை பழகியவன். ஆக்லாந்துக்கு வந்து வீடுகளுக்கு மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்தபோது, மேற்குமலைப் பக்கம் இருக்கும் ஒரு துப்பாக்கிக் கிளப்புக்கு, களத்தைப் பராமரிக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். வாரநாளில் சுவர் செய்வது, பெயின்ட் அடிப்பது, புல் வெட்டுவது. அதற்குச் சம்பளம். வார இறுதியில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ரேஞ்ச் ஆபீசர் வேலை. அதற்கு ரொட்டியில் சுற்றிய சாசேஜ். வெடிச் சத்தத்துக்குப் பயப்படாதவனா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கும் சட்டம்தான் அடித்துக்கொண்டிருப்பேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள், முதல் வெடிக்கு நான் உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தவன்போல் மரியாதையாகத் தரையில் உட்கார்ந்தேன். இரண்டாம் மாதம் நின்றேன். முதல் வருடக் கடைசியில் ஓடினேன். மூன்றாம் வருடம் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாங்கப் போகும்போது யாரோ பின்னால் கார்க் கதவைச் சாத்த, மேடையிலேயே குதித்தேன்.

அதைக் கொடுத்தவர் புவனா அக்கா. எங்கள் ரேஞ்ச் மாஸ்டர். எல்லா ஸ்டேஜுக்கும், எல்லா ஆபீசர்களுக்கும் மேலே அவர். யாழ்ப்பாணத்துக்காரர், கிளென் ஈடனில் வீடு, வாரநாளில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. மோவாயில் நாடா கட்டிய மழைத்தொப்பி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் குரலைத் தாழ்த்தினால்தான் நாங்கள் நடுங்குவோம்.

அவர் ஸ்டேஜைச் சோதிப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய நூல்கண்டும், வகுப்பறைக் கரும்பலகைக்கு வைக்கிற மரக் கோணமானியும் கொண்டுவருவார். ஜன்னலில் நூலின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை அட்டை வழியாக மண்மேடுவரை இழுப்பார். தோட்டா மேட்டுக்குள் போகுமா, மேட்டைத் தாண்டுமா என்று பார்ப்பார். அதே ஜன்னலில் குந்தி உட்கார்ந்து ஒரு தடவை, பால் கிரேட்டின் மேல் ஏறி நின்று ஒரு தடவை, குள்ளமானவருக்கும் உயரமானவருக்கும். நாலு அட்டைக்கு நாற்பது நிமிடம். எல்லாம் சரியாக இருந்தால் “பரவாயில்லை” என்பார். அதற்கு மேல் ஒரு பாராட்டை அவர் வாயிலிருந்து யாரும் வாங்கியதில்லை.

ஏதாவது பிரச்சினை என்றால் மூன்று கேள்விதான் கேட்பார். அதே வரிசையில். “எங்க நிண்டனீர்? என்ன கண்டனீர்? என்ன செய்தனீர்?” நடுவில் யாராவது ‘நான் நினைக்கிறேன்’ என்று ஆரம்பித்தால் கையைத் தூக்கிவிடுவார். “நினைச்சதைப் பிறகு கதைப்பம் தம்பி. கண்டதைச் சொல்லும்.”

ஒருமுறை நல்ல மழை. சுடுகிறவர் ரக்பி ஆடுகிறவர். எனக்கு அப்போதே முட்டி தகராறு. அவர் ஓட, நான் துரத்த, மூன்றாவது பீப்பாய் அருகே வழுக்கிக் குப்புற விழுந்தேன். ஆனால் டைமர் பிடித்த கையைச் சேற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, கிடந்த கிடையிலேயே துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு, முடிந்ததும் “காலி செய்து காட்டுங்கள்” என்று முறைப்படி கட்டளையும் கொடுத்தேன். அன்று அக்கா வந்து மூன்று கேள்வியும் கேட்டார். “எங்க நிண்டனீர்?” என்றதற்கு, “நிக்கல அக்கா, படுத்திருந்தேன்” என்றேன். குறித்துக்கொண்டார். “பரவாயில்லை” என்றார். நான் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அலைந்தேன்.

அப்படி அலைந்த மிதப்பில்தான் ஐந்தாம் ஸ்டேஜைக் கட்டினேன்.

நாட்டு அணியைத் தேர்ந்தெடுக்கும் கடைசிப் போட்டி அது. பெண்கள் பிரிவில் முதல் ஐந்து பேர் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவார்கள். எட்டு ஸ்டேஜ். ஐந்தாவதை நீரே வடிவமையும் என்று அக்கா என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறை மேசையில் உப்பு டப்பா, மிளகு டப்பாவையெல்லாம் சுவராக வைத்து, கரண்டியை ஓடவிட்டுத் திட்டம் போட்டேன்.

இடப்பக்க ஜன்னலில் ஆரம்பம். நாலு அட்டை, அட்டைக்கு இரண்டு தோட்டா, எட்டு போய்விடும். துப்பாக்கியின் பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் இருப்பது பத்து. பிறகு ஒரு குறுகலான சந்து. ஏழு மீட்டர் வலப்பக்கம் ஓட்டம். சுட ஒன்றுமே இல்லை. சந்தின் முடிவில் அடுத்த ஜன்னல், அங்கே இன்னும் நாலு அட்டை, ஓர் இரும்புத் தகடு. ஆக எல்லோரும் அந்த ஏழு மீட்டரில், ஓடிக்கொண்டே மேகசினை மாற்றியாக வேண்டும். அழகு அங்கேதான்.

ஏன் இடமிருந்து வலம்? அதில்தான் என் மேதைமை இருந்தது. வலக்கைக்காரர் மேகசின் மாற்றும்போது துப்பாக்கியை நெஞ்சருகே இழுத்து, அதன் அடிப்பக்கத்தை இடக்கையின் பக்கம் சாய்ப்பார். அப்போது துப்பாக்கியின் வாய் அவருக்கு இடப்பக்கம் திரும்பும். அவர் இடப்பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தால், அவருடைய இடப்பக்கம் என்பது நாம் நிற்கிற பக்கம். ஆபத்து. அதனால் வலப்பக்கம் ஓடவிட்டேன். அப்போது வாய் தானாகவே மண்மேட்டைப் பார்க்கும். யாருக்கும் ‘ஸ்டாப்’ சொல்ல வேண்டி வராது. யோசித்துப் பார்த்து என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வலக்கையால்.

வெள்ளிக்கிழமை அக்கா நூல்கண்டோடு வந்தார். இழுத்தார், குந்தினார், கிரேட்டில் ஏறினார், இறங்கினார். சந்தின் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“இடக்கையால ஓடிப் பாத்தனீரோ?”

“பாத்தாச்சி அக்கா.”

நான் பார்த்தது என்னவென்றால், இடக்கை விரலைத் துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு, வலக்கையில் டீக் கோப்பையோடு, அந்தச் சந்தில் நடந்தேன். டீ சிந்தாமல் நடந்தேன். மேகசினை மாற்ற வலக்கை வேண்டும். அதில் டீ இருந்தது.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நூலைச் சுற்றினார். “பரவாயில்லை.”

சனிக்கிழமை. ஆக்லாந்து வானம் காலையிலிருந்து மழை, வெயில், மறுபடி மழை என்று எல்லாவற்றையும் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குழுவும் சுடுவதற்குமுன் ஸ்டேஜுக்குள் வெறுங்கையோடு நடந்து பார்க்க ஐந்து நிமிடம் கொடுப்போம். பன்னிரண்டு பெரிய மனிதர்கள், விரலைத் துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி முணுமுணுத்தபடி, ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு ஓடுவார்கள். வெளியாள் யாராவது பார்த்தால் மொத்தப் பேருக்கும் சாமி வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

மதியக் குழுவில் நிவேதா இருந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், பிளாட் புஷ்ஷில் வீடு, எலக்ட்ரீஷியன் வேலை. முப்பத்தைந்து வயது. இடக்கைக்காரி.

“அண்ணா, இது நீங்க கட்டின ஸ்டேஜா?” என்றாள்.

“ஆமா. எப்படி?”

“அப்போ எங்க வழுக்கும்னு இப்பவே சொல்லிடுங்க. அங்க நீங்க படுத்திருப்பீங்க, மிதிச்சிடப் போறேன்.”

குழுவே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் கை மட்டும் சிரிக்கவில்லை; இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டே இருந்தது. நாலு ஸ்டேஜ் முடிவில் ஐந்தாம் இடத்தில் இருந்தாள்.

“ரெண்டு தடவை ஆறாவதா வந்து அணியில சேர முடியாம போச்சுண்ணா. இந்தத் தடவையும் ஆறுன்னா பெல்ட்டைக் கழட்டி ஆணியில மாட்டிடுவேன். வேலையையும் பாத்துட்டு, சனி ஞாயிறு முழுக்க இங்கயும் நின்னு... போதும்.” விளையாட்டாகச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

நான் டைமரோடு அவள் பின்னால் நின்றேன். புள்ளி குறிக்கிறவர் கிரெக், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், டாப்லெட்டோடு எங்களுக்குப் பக்கவாட்டில் நின்றார். “மேக் ரெடி” என்றேன். தோட்டா ஏற்றினாள். “ஆர் யூ ரெடி?” தலையை ஆட்டினாள். “ஸ்டாண்ட் பை.”

பீப்.

அப்பா, என்ன வேகம்! எட்டு வெடியும் ஒரே தும்மல்போல் போயிற்று. அட்டைகளை நான் பார்க்கவில்லை, துப்பாக்கியைத்தான் பார்த்தேன், ஆனாலும் அந்தத் தாளத்தைக் கேட்டாலே தெரியும், எல்லாம் நடுவில். சந்துக்குள் பாய்ந்தாள். நான் பின்னால். வலப்பக்கம் ஓட்டம். பழைய மேகசின் தரையில் விழுந்தது. துப்பாக்கியை நெஞ்சருகே இழுத்தாள். வலக்கை இடுப்பில் புது மேகசினைத் தேடியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடக்கைக்காரிக்கு எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழ். வலக்கைக்காரருக்கு வாய் இடப்பக்கம் திரும்பினால், இவளுக்கு வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் பார்த்து ஓடுகிறவளுக்கு வலப்பக்கம் என்பது எது?

நான்.

துப்பாக்கி வாய் திரும்ப ஆரம்பித்தது. மண்மேட்டிலிருந்து பக்கவாட்டுச் சுவருக்கு, அங்கிருந்து இன்னும் கொஞ்சம்... ஒன்பது மில்லிமீட்டர் ஓட்டைதான். எனக்கு அது ரோட்டுக்கு அடியில் போடுகிற கழிவுநீர்க் குழாய் அளவுக்குத் தெரிந்தது. உள்ளே நடந்து போகலாம்போல் இருந்தது.

“ஸ்டாஆஆப்!”

அந்தக் குரல் என்னுடையதுதான் என்று பிறகு சொன்னார்கள். குக்கர் விசில் என்றுதான் நான் நினைத்தேன்.

நிவேதா அந்த இடத்திலேயே கல்லாய் நின்றாள். துப்பாக்கி மண்மேட்டைப் பார்த்திருந்தது, விரல் வெளியே. முறைப்படி காலி செய்யச் சொன்னேன், செய்தாள், காட்டினாள், உறையில் வைத்தாள். பிறகுதான் திரும்பினாள்.

“என்னண்ணா?”

“தொண்ணூறு” என்றேன்.

“தாண்டிடுச்சா?”

நான் ரேடியோவை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். கிரெக்கைப் பார்த்தேன். அவர் டாப்லெட்டில் விழுந்த மழைத்துளியைச் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லித் தலையை ஆட்டினார். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை.

அக்கா நடந்து வந்தார். எப்போதும் நடந்துதான் வருவார். அவர் வந்து சேர எடுத்த ஏழு நிமிடத்தில் என் மூளை செய்த வேலையை இருபத்திரண்டு வருடத்தில் செய்ததில்லை. ஏனென்றால் ஒரு சின்ன விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வந்தார். தொப்பியின் நாடாவைச் சரிசெய்தார்.

“எங்க நிண்டனீர்?”

இடத்தைக் காட்டினேன். அவர் அங்கே போய் நின்று பார்த்தார். நிவேதா நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார். தூரத்தை அடி அடியாக அளந்தார்.

“என்ன கண்டனீர்?”

‘தாண்டியதைக் கண்டேன்.’ இரண்டே சொல். சொல்லிவிட்டால் முடிந்தது. நிவேதா வீட்டுக்குப் போவாள், மறுபேச்சு கிடையாது. என் ஸ்டேஜ் தப்பிக்கும், என் சிவப்புச் சட்டை தப்பிக்கும். முந்தின நாள் இதே இடத்தில், இதே அக்காவிடம், ‘பாத்தாச்சி’ என்று எவ்வளவு லேசாகச் சொன்னேன்! வாயைத் திறந்தால் அதே சொல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்போல் நாக்கு நுனியில் நின்றது.

நிவேதாவைப் பார்த்தேன். கெஞ்சுவாள் என்று நினைத்தேன். கெஞ்சினால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் சொல்லப்போவதுதான் நடந்தது என்கிற மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தாங்கவில்லை.

“துப்பாக்கி வாய் திரும்பிச்சி அக்கா. சுவர்வரைக்கும் வந்தத பாத்தேன். அதுக்கப்புறம்...”

“பிறகு?”

“அப்புறம் கண்ண மூடிட்டேன் லா.”

அக்கா பென்சிலை எழுதாமல் பிடித்திருந்தார்.

“எவ்வளவு நேரம்?”

“தொறக்கும்போது அவங்க நின்னுட்டாங்க.”

“கையில டைமர் இருந்ததே, அதை என்ன செய்தனீர்?”

“மூஞ்சிக்கு முன்னால புடிச்சேன்.”

அக்கா என் கையிலிருந்த டைமரைப் பார்த்தார். ஒரு சோப்புக்கட்டி அளவு இருக்கும். “என்னத்துக்கு?”

“பயத்துல ஒன்னும் தோணல அக்கா. சுட்டா நேரமாச்சும் சரியா பதிவாகட்டும்னு...”

நாங்கள் தமிழில் பேசியது கிரெக்குக்குப் புரியவில்லை. ஆனால் நான் டைமரை முகத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணை இறுக்கி மூடி நடித்துக் காட்டியது நன்றாகவே புரிந்தது. அவர் டாப்லெட்டால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அடுத்த ஐந்து நிமிடத்தில் எட்டு ஸ்டேஜுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

ஒன்றைக் கக்கியபின் மற்றதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை. “இன்னொன்னும் இருக்கு அக்கா. நேத்து இடக்கையால ஓடிப் பாக்கல. டீ குடிச்சிக்கிட்டு நடந்தேன்.”

அக்காவின் குரல் தாழ்ந்தது. “அதைத் திங்கக்கிழமை கதைப்பம்.” என் முட்டிகள் அப்போதே ஓய்வுக்கு விண்ணப்பித்தன.

பிறகு நிவேதாவிடம் திரும்பினார். “பிள்ளை, காணாத பிழைக்கு ஆளை வீட்ட அனுப்பேலாது. திரும்பச் சுடும். ஆனா சுவரை மாத்தேலாது. நாப்பது பேர் இதிலதான் சுட்டவை. இப்ப மாத்தினா எல்லாற்ற புள்ளியும் போயிடும். விளங்குதோ?”

“விளங்குதுக்கா.”

“இந்தமுறை தாண்டினா, தாண்டினதுதான்.”

“சரிக்கா.”

நான் சத்தமில்லாமல் டைமரை வேறொரு ஆபீசரிடம் நீட்டினேன்.

“எங்க போறீர்?” என்றார் அக்கா. “நீர்தான் பின்னால ஓடோணும்.”

“அக்கா, வேற யாராச்சும்...”

“ஏன்? உமக்குக் கண் ரெண்டும் இருக்குத்தானே?”

குழுவில் எல்லோரும் சுட்டு முடித்தபின் நிவேதாவின் முறை. அதற்குள் மற்ற ஸ்டேஜ்களிலிருந்தும் ஆட்கள் வந்து கூடிவிட்டார்கள். அவளைப் பார்க்க அல்ல, என்னைப் பார்க்க. ஒருவர் சாசேஜைக் கடித்தபடி, இவருக்கு இமையில் க்ளிப் மாட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் கத்தினார். நல்ல யோசனை என்றுதான் எனக்கே தோன்றியது.

ஆரம்பக் கோட்டில் அவள் மெதுவாகக் கேட்டாள்: “அண்ணா, நீங்க ரெடியா?”

“அத நான்தான் கேக்கணும்” என்றேன். “மேக் ரெடி.”

பீப்.

எட்டு வெடி. சந்து. நான் கண்ணை எவ்வளவு அகலம் திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து வைத்திருந்தேன். காற்று நேராக முகத்தில் அடித்தது, மழைத்துளி கண்ணுக்குள் விழுந்தது, இமைக்கவில்லை. அவள் நின்று மேகசினை மாற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். பத்திரம், ஆனால் இரண்டு விநாடி போய்விடும். இரண்டு விநாடி போனால் ஆறாம் இடம். அவள் நிற்கவில்லை. ஓடினாள்! பழைய மேகசின் விழுந்தது. இதோ, இப்போது திரும்பப் போகிறது...

திரும்பவில்லை. இடக்கையை நெஞ்சுக்கு இழுக்காமல், பக்கவாட்டில் மண்மேட்டை நோக்கி நீட்டியபடியே வைத்திருந்தாள். மணிக்கட்டை மட்டும் மடித்து, வலக்கையைக் குறுக்கே கொண்டுபோய், கீழிருந்து மேகசினைச் செருகினாள். பார்க்க அழகாக இல்லை. கொடுக்கிற கைக்கு எட்டாத இடத்தில் தட்டை நீட்டிப் பரிமாறச் சொல்வதுபோல் இருந்தது. முதல் தடவை இடித்தது, நுழையவில்லை. இரண்டாம் தடவை ‘க்ளக்’. துப்பாக்கி வாய் முழு ஓட்டத்திலும் மண்மேட்டைப் பார்த்தது. நான் பார்த்தேன். ஒவ்வொரு டிகிரியையும் பார்த்தேன். துப்பாக்கியின் மேல் ஒரு மழைத்துளி ஊர்ந்ததைக்கூடப் பார்த்தேன்.

அடுத்த ஜன்னல். எட்டு வெடி. இரும்புத் தகடு ‘டங்’ என்று விழுந்தது. முடிந்தது.

கூட்டம் கைதட்டியது. நான் கட்டளைகளைச் சொன்னேன். அவள் காலி செய்தாள், காட்டினாள். என் கன்னத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று கிரெக் என் தோளைத் தட்டினார். இமைக்காத கண்ணின் வேலை அது என்று யாருக்கு விளக்கிக்கொண்டிருப்பது? அழுகை என்றே இருக்கட்டும், கௌரவமாக இருந்தது. அக்கா தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ‘பரவாயில்லை’ வரவில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை ஒட்டினார்கள். நிவேதா ஐந்தாவது. ஆறாவதாக வந்தவரே அவளை முதலில் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் தள்ளி நின்றேன். அடுத்த நாள் திங்கள். அக்கா நாற்பது நிமிடம் தாழ்ந்த குரலில் கதைத்தார். அதை இங்கே எழுதுவதாக இல்லை. அன்றிலிருந்து வேலையை விடும்வரைக்கும், நான் கட்டிய எந்த ஸ்டேஜிலும் இடக்கைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து, முழு வேகத்தில், வெற்றுத் துப்பாக்கியோடு மேகசினை மாற்றி ஓடவிட்டுப் பார்க்காமல் அக்காவை நூல் இழுக்கவிட்டதில்லை. அந்த மூன்று பிள்ளைகளும் கேட்ட ‘ஏன்’ இதுதான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் வேனில் ஸ்க்ரூ டிரில்லை ஏற்றிக்கொண்டிருந்தேன். நிவேதா வந்து பக்கத்தில் நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“அண்ணா, ஒண்ணு கேக்கவா? முதல் தடவை நான் தாண்டினேனா?”

“உனக்குத் தெரியலையா?”

“நான் மேகசினைப் பாத்துட்டிருந்தேன்.”

“நான் என் இமைக்கு உள்பக்கத்தப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

அவள் சிரிக்கவில்லை. “தாண்டியிருந்தா? எனக்கு இந்த இடம் வந்திருக்கவே கூடாதுல்ல?”

ஒரு ஜோக் அடித்துத் தப்பித்திருக்கலாம். நாலைந்து கைவசம் இருந்தன. “தாண்டியிருந்து நான் பாத்திருந்தா, உன்ன அனுப்பியிருப்பேன்மா” என்றேன். “பாக்காததுக்கு என்னால அனுப்ப முடியாது. நாளைக்கு நீ நாட்டு அணிச் சட்டையோட வந்து என் முன்னால தாண்டினாலும் அனுப்புவேன்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அனுப்புங்கண்ணா. ஆனா கண்ணைத் தொறந்துக்கிட்டு அனுப்புங்க.”